சுற்றாத ட்ரையர்: வடசென்னை வீட்டுக்கு செமி ஆட்டோமேட்டிக் தாங்குமா?

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வாங்கப் போனால் கடையில் எல்லாரும் திறந்து பார்ப்பது துவைக்கிற தொட்டியைத்தான். கொடுத்த காசு வீணா இல்லையா என்பதை ஐப்பசி அடைமழையில் சொல்லப்போவது வலது பக்கம் இருக்கிற சின்னத் தொட்டி, அதாவது ட்ரையர். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கும், ட்ரையர் இல்லாமல் ஜீன்ஸ் இரண்டு நாள் கொடியிலேயே தொங்கும். அதனால் இந்த விமர்சனம் முழுக்க ட்ரையரைப் பற்றியது. அதிலும் முக்கியமாக, டைமரைத் திருகியும் அது அசையாமல் நிற்கிற நேரத்தைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. ஸ்டிக்கரில் 7 கிலோ என்று போட்டிருந்தால் அது துவைக்கிற அளவு. ட்ரையர் கூடை சுமார் 5 கிலோதான் ஏற்கும். ஒரு முறை துவைத்ததை இரண்டு ஈடாகப் போட வேண்டும். இது துணியைக் காயவைக்கிற பெட்டியும் அல்ல. நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும், அவ்வளவுதான். மிச்ச ஈரத்துக்கு ஃபேன் காற்று வேண்டும். இதைத் தெரிந்து வாங்குகிறவருக்கு ஏமாற்றம் இல்லை.

சுற்றவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையா, 'ம்ம்ம்' என்று உறுமுகிறதா? இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும்.

சத்தமே இல்லை, ஆனால் துவைக்கிற பக்கம் ஓடுகிறது என்றால் பிளக்கிலும் மெயின் ஒயரிலும் குற்றமில்லை. மீதி இருப்பது ட்ரையர் டைமர், மூடி ஸ்விட்ச், ட்ரையர் மோட்டார். கரண்ட் இந்த மூன்றையும் கடந்தால்தான் கூடை சுற்றும். இவற்றில் அதிகம் மக்கர் பண்ணுவது மூடி ஸ்விட்ச். டைமரைத் திருகிவிட்டு, மூடியின் பின் ஓரத்தைக் கீல் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சுற்றி, விட்டால் நின்றால் ஸ்விட்ச்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் பேனலின் ஸ்குரூக்களைக் கழற்றினால் அதைக் கண்ணால் பார்க்கலாம். விரல் நீளம்கூட இல்லாத இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நுனியில் மிளகு அளவில் ஒரு புள்ளி. மூடி மூடும்போது கீலில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒரு தகட்டைத் தள்ளும், புள்ளியும் புள்ளியும் முட்டும். கடற்காற்று படும் வீடுகளில் இந்தப் புள்ளி பச்சை பூத்துவிடும், சில நேரம் கருகியும் இருக்கும். நைஸான உப்புத்தாளை இடையில் விட்டு இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மாதமே மறுபடி கருகும். தகடு வளைந்து சோர்ந்திருந்தால் தேய்த்து மிச்சம் பிடிக்காமல் ஸ்விட்சையே மாற்றிவிடுங்கள். மெஷினில் விலை குறைந்த ஸ்பேர்களில் இதுவும் ஒன்று.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம். சில மெக்கானிக்குகள் ஸ்விட்சை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ட்ரையர் ஓடினால் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு மூடியைத் திறந்தாலும் கரண்ட் நிற்காது. சுற்றுகிற ஈரத்துணி கையைச் சுற்றிக்கொண்டால் விரல் மிஞ்சாது. சின்னப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறவருக்குக் கூலி கொடுக்காதீர்கள்.

ஸ்விட்ச் சரி என்றால் டைமர். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து டைமரின் இரண்டு முனையிலும் தொடுங்கள். பூஜ்யத்தில் சத்தம் வரக் கூடாது, திருகியதும் வர வேண்டும். உள்ளே பல்சக்கரம் சிக்கி 'டிக் டிக்' நின்றுபோன டைமரைப் பிரித்து ஒட்டுவது நேர விரயம், புதிதாகப் போடுவதே லாபம். மோட்டாரில் மூன்று ஒயர் வரும். மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கப்பாசிட்டரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மூன்று ஜோடிக்கும் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். சிறிய இரண்டு அளவைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். ஏதாவது ஒரு ஜோடியில் அளவே வராமல் 'ஓப்பன்' என்று காட்டினால் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பிச்சுருள்) அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே புதைத்த, சூடு மீறினால் அறுந்துபோகிற தெர்மல் ஃபியூஸ் போயிருக்கிறது.

உறுமினால் கதை வேறு. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் ஏறியும் சுற்ற முடியாத மோட்டார் சீக்கிரம் சூடேறும். விட்டு வேடிக்கை பார்த்தால் நூறு இருநூறு ரூபாய் வேலை மோட்டார் செலவாகிவிடும்.

முதல் சந்தேகம் துணி. கைக்குட்டை, குழந்தையின் சாக்ஸ், பிளவுஸ் நாடா என்று ஏதாவது ஒன்று கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் இறங்கி அச்சைச் சுற்றியிருக்கும். துணிக்கு மேல் வைக்கக் கொடுத்த ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் பரணில் போட்ட வீடுகளில் இது வழக்கமாக நடப்பது.

அடுத்தது பிரேக். மூடியிலிருந்து ஒரு கம்பி கீழே மோட்டார் தலையில் உள்ள பிரேக் வரை போகும். மூடினால் கம்பி இழுத்து பிரேக்கை விடுவிக்கும், திறந்தால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கும். கம்பி தளர்ந்தால் மூடிய பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். பிளக் எடுத்த நிலையில் பின் தகட்டைக் கழற்றி, பிரேக் நெம்புகோலைக் கையால் தள்ளிக்கொண்டு மோட்டார் தலையைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். தள்ளியும் இறுகினால் பேரிங்கில் துரு. அந்தத் துரு எங்கிருந்து வந்தது என்று மேலே பாருங்கள். அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்து, சோப்புத் தண்ணீர் நேராக மோட்டார் மேல் சொட்டியிருக்கும். சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாருக்கும் அதே கதிதான்.

எல்லாம் லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்டில் உறுமல் மட்டும் என்றால் கப்பாசிட்டர். ட்ரையருக்குப் பல மெஷின்களில் 5 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கப்பாசிட்டரின் அளவு), 440 வோல்ட். சிலவற்றில் துவைக்கிற மோட்டாருக்கும் சேர்த்து 10+5 என்று ஒரே டப்பாவாக இருக்கும். பழையதன் மேல் எழுதியிருப்பதையே வாங்குங்கள், 'கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நன்றாக இழுக்கும்' என்று சொல்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம், வைண்டிங்தான் சூடாகும். மீட்டரில் 5 என்பது 4.5-க்குக் கீழே போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். கப்பாசிட்டரைத் தொடுவதற்கு முன் பழைய குண்டு பல்பு ஒன்றின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் வைத்து உள்ளே தேங்கிய கரண்டை இறக்கிவிடுங்கள்.

கோடை மாலையில் மட்டும் உறுமி, காலையில் நன்றாக ஓடினால் மெஷினைப் பிரிக்கவே வேண்டாம். வோல்டேஜைப் பாருங்கள். 230-க்குப் பதில் 180 வந்தால் மோட்டாரின் இழுவை ஏறக்குறைய 60 சதவீதமாகச் சரியும். துணியைப் பாதியாக்கிப் போட்டால் ஓடும்.

தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மோட்டார்கள் இரண்டும் மெஷினின் அடியில்தான் இருக்கின்றன. வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரி இடங்களில் 2023 டிசம்பர் மிக்ஜாம் போல ஒரு வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவைதான். தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று சுவிட்ச் போடாதீர்கள். மோட்டாரைக் கழற்றி, காயவைத்து, பாடிக்குக் கரண்ட் கசிகிறதா என்று சோதித்த பிறகே இணைக்க வேண்டும். ஒரு அடி உயரம் உள்ள ஸ்டாண்ட் வாங்குவது அதைவிட மலிவு. அடியில் எலி புகாமல் தடுக்கும் வலை இல்லாத மாடலும் வேண்டாம். ஒயரை எலி கடித்து ட்ரையர் ஊமையாவது இந்தப் பகுதியில் சாதாரணம்.

இதற்குப் பதில் சூடாக்கிக் காயவைத்து, ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிற டம்பிள் ட்ரையர் வாங்கலாமா? துணி அலமாரிக்கே போகும் அளவுக்குக் காயும், உண்மை. ஆனால் 2,000 வாட் அளவில் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கும் தனி எம்.சி.பி.யும் (கரண்ட் மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) கேட்கும். அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் சைல்டு லாக், கதவு ஸ்விட்ச், பிறகு தெர்மல் ஃபியூஸ் என்று பார்க்க வேண்டும். பஞ்சு அடைத்த ஃபில்டரையும் காற்றுக் குழாயையும் சுத்தம் செய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் திரும்பவும் போகும். பத்துக்குப் பத்து அறையில், வெளியே குழாய் விட ஜன்னல் இல்லாத வீட்டில் அது பொருந்தாது.

செமி ஆட்டோமேட்டிக்கையே எடுப்பதென்றால் பிளாஸ்டிக் பாடி, காப்பர் வைண்டிங் இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பில் போடும் முன் கடையிலேயே காலி ட்ரையரை ஒரு நிமிடம் ஓடவிட்டு, சுற்றும்போதே மூடியைத் திறந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். 15 எண்ணுவதற்குள் கூடை நிற்கவில்லை என்றால் வேறு பீஸ் காட்டச் சொல்லுங்கள்.