மெட்டோவா, ஃபல்லோவா: எத்தனை முறை ஆபரேஷன் தியேட்டருக்குள் போகவேண்டும்?

பாட்டம் சர்ஜரிக்கு, அதாவது பிறப்புறுப்பை மாற்றும் அறுவைக்குத் தயாராகும் திருநம்பிகள் (பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்ட ஆண்கள்) முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனால் வளர்ந்த கிளிட்டோரிஸை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை விடுவித்து ஆண்குறியாக்குவது மெட்டோய்டியோபிளாஸ்டி. முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோல், கொழுப்பு, ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் எடுத்துப் புதிதாக உருவாக்குவது ஃபல்லோபிளாஸ்டி. நான் மெட்டோ செய்துகொண்டவன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

அளவுதான் முக்கியம் என்றால் ஃபல்லோவேதான். மெட்டோவில் கிடைப்பது பெரும்பாலும் 4 முதல் 6 செ.மீ.; ஊடுருவும் உறவுக்கு அநேகமாகப் போதாது. ஆனால் உணர்ச்சி அப்படியே இருக்கும், விறைப்பும் தானாக வரும்.

என்னை முடிவெடுக்க வைத்தது மறு அறுவைதான். 1946-ல் பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன் ஹெரால்டு கில்லிஸ், மைக்கேல் டில்லன் என்ற திருநம்பிக்கு ஃபல்லோ தொடங்கியபோது, முடிக்கப் பத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் தேவைப்பட்டன. இன்று அவ்வளவு இல்லை என்றாலும் பல கட்டங்கள் உண்டு. விறைப்புக்குச் செயற்கைக் கருவி வேண்டும். உணர்ச்சி வந்த பிறகே, ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அதை வைப்பார்கள். உள்ளே அதைத் தாங்கும் இயற்கையான உறை இல்லாததால் இடுப்பெலும்போடு பிணைக்கிறார்கள். தொற்று வரலாம், தோலை அரித்து வெளியே வரலாம், பழுதாகலாம். எப்படியும் ஆயுளுக்கும் ஒரே கருவி ஓடாது.

சிறுநீர்ப்பாதை இரண்டிலும் தலைவலிதான். மெட்டோவில் கன்னத்தின் உட்சதையை எடுத்துப் பாதையை நீட்டினார்கள். காரம் பட்டால் வாய் எரியும், சில வாரங்களில் ஆறிவிடும். தையல் பிரிந்து ஓட்டை விழுந்தால் நின்று சிறுநீர் போகும்போது அடியில் சொட்டும். சின்ன ஓட்டைகள் பல தானாக மூடிக்கொள்ளும். பாதை சுருங்கி அடைத்தால் மறுபடி கத்திதான். ஃபல்லோவில் பாதை நீளம், இணைப்புகளும் அதிகம், அதனால் சிக்கலும் அதிகம். பாதையை நீட்டாமலே இரண்டையும் செய்யலாம், உட்கார்ந்துதான் போகவேண்டியிருக்கும். நீட்டிய பிறகும் மெட்டோவில் ஜிப்பை மட்டும் இறக்கினால் எல்லோருக்கும் சரிவராது, பேன்ட்டையும் கொஞ்சம் இறக்கவேண்டும்.

முன்கைத் தழும்பு பெரிது. மணிக்கட்டுக்கு மேல் சதுரமாகப் பளபளவென்று தெரியும். தொடையில் எடுத்தால் மறைக்கலாம். ஆனால் கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்குக் குறி பருத்துவிடும் என்கிறார்கள். இது நான் கேட்டறிந்ததுதான்.

மெட்டோவுக்குப் பிறகு ஃபல்லோவுக்குப் போகலாம். அந்த எண்ணம் துளி இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேர் சிறுநீர்ப்பாதைக்காக மறுபடி தியேட்டருக்குள் போனார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.