நடுவால் போவதா, கரையோடு போவதா? ஒப்பியோங்கோ ஏரியைக் கனூவில் கடக்கும் வழிகள்

ஒப்பியோங்கோ படகுத்துறையில் காலை ஆறு மணிக்கு நின்றால், ஏரி எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடக்கும். தூரத்தில் ஒரு லூன் பறவை கத்துவது கேட்கும். அதே இடத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு நின்றால், காலையில் பார்த்த ஏரிதானா இது என்று சந்தேகம் வந்துவிடும். மேற்கிலிருந்து காற்று எழும்பி நடுத்தண்ணீர் முழுக்க வெள்ளை நுரை தள்ளிக்கொண்டிருக்கும்.

ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் ஆகப்பெரிய ஏரி இதுதான். பரப்பளவு ஏறக்குறைய 58 சதுர கிலோமீற்றர். தெற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று கைகளாக விரிந்து கிடக்கிறது. ரொறொன்ரோவிலிருந்து மூன்றரை மணித்தியால ஓட்டம் என்பதால் இப்போது எங்கள் ஆட்களும் நிறையப் பேர் குடும்பமாக வருகிறார்கள். மேல்மூடி இல்லாத, துடுப்புப் போடும் ஒடுங்கிய படகான கனூவை வாடகைக்கு எடுத்து, கூடாரத்தையும் சோற்றுப் பானையையும் ஏற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அப்படி வரும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த வழியால் போவது நல்லது?

வழிகள் மூன்று. நேரே நடுவால் துடுப்புப் போடலாம். கரையை ஒட்டிச் சுற்றிப் போகலாம். இல்லாவிட்டால் துறையிலேயே மோட்டர் படகில் ஏறிவிடலாம். 'வாட்டர் டாக்சி' என்பார்கள். கனூவைத் தலைகீழாகத் தட்டில் வைத்துக் கட்டி, ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஏரியின் மறுகோடியில் இறக்கிவிடுவார்கள். மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒன்றுபோல் பாதுகாப்பானவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் நடுவழி. வரைபடத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வருவது இதில்தான். கரையோடு போனால் ஒவ்வொரு குடாவுக்குள்ளும் போய் வளைந்து வரவேண்டும், இங்கே ஒரே கோடு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாரம் ஏற்றிய கனூவில் இரண்டு பேர் துடுப்புப் போட்டால் மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீற்றர் போகலாம். நான்கு கிலோமீற்றர் அகலமான திறந்த நீரைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நடுவில் இருக்கும்போது எந்தக் கரைக்கும் இரண்டு கிலோமீற்றர். கரையை ஒட்டிப் போனால் அதே பயணம் ஆறு, ஏழு கிலோமீற்றராக நீளும். கூடுதலாக நாற்பது நிமிடம், கொஞ்சம் தோள்வலி. ஆனால் எந்த நிமிடத்திலும் கரை நூறு மீற்றருக்குள்தான்.

இந்த இரண்டு எண்களையும் குளிர்நீரோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் '1-10-1' என்று ஒரு கணக்குச் சொல்வார். கடும் குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதே அந்த நிமிடத்தின் வேலை. அடுத்த பத்து நிமிடம்தான் கையும் விரலும் சொன்னதைச் செய்யும். அதற்குப் பிறகு, மிதந்துகொண்டிருந்தாலும், உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் நூறு மீற்றர் போய்விடலாம். இரண்டு கிலோமீற்றர் போகமுடியாது. நடுவழியா கரைவழியா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

கோடையில்தானே போகிறோம், தண்ணீர் சூடாகத்தானே இருக்கும் என்பார்கள். ஓகஸ்டில் மேல்தண்ணீர் 20 பாகையைத் தாண்டும், உண்மை. ஆனால் இந்தப் பக்கத்து ஏரிகளில் பனிக்கட்டி உருகி முடிவதே ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். மே மாத நீண்ட வார இறுதியில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பிள்ளைகள் ரீசேர்ட்டோடு நிற்பார்கள். கையைத் தண்ணீருக்குள் விட்டால் எலும்பு வலிக்கும். ஏமாற்றுவது அந்த வெயில்தான்.

நடுவழியை நான் விட்டது எப்படி என்று சொல்கிறேன். நானும் மச்சானும் ஒரு ஜூன் மாதம், காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். அவர் அணியத்தில், நான் பின்பக்கம். புறப்பட்ட இடம் மேற்குக் கரையோரம், காற்றும் மேற்கு. ஊரில் கச்சான் காற்று என்போமே, அந்தத் திசை. கரையிலிருந்து பார்த்தபோது அலை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று பிறகுதான் விளங்கியது. காற்று வரும் பக்கத்துக் கரையில் மரங்கள் மறைப்பதால் தண்ணீர் எப்போதும் அமைதியாகவே இருக்கும். அங்கே நின்று பார்த்தால் அலைகளின் முதுகுதான் தெரியும், நுரை உடையும் முகம் தெரியாது. கரையை விட்டு விலக விலக, காற்று தடையில்லாமல் ஓடிவரும் தூரம் கூடும், அலையும் கூடும். கால் மணித்தியாலத்தில் ஒவ்வொரு அலையும் கனூவின் விளிம்பை நக்கிக்கொண்டு போனது. பிறகு உள்ளேயே வந்தது.

அடியில் ஒரு சாண் தண்ணீர் சேர்ந்ததும் கனூ வேறு படகாகிவிட்டது. இடப்பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் இடப்பக்கமே ஓடிப்போய் நிற்கும். நாங்கள் உடம்பைச் சரித்து நிமிர்த்த முதல் அடுத்த அலை வந்துவிடும். இருக்கையை விட்டு இறங்கி இருவரும் முழங்காலில் இருந்தோம். பாரம் கீழே இறங்கியதால் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. மச்சான் துடுப்புப் போட, நான் வெட்டிய பால் கலனால் தண்ணீர் அள்ளினேன். திரும்ப வழியில்லை. திரும்புவதென்றால் அலைக்குப் பக்கவாட்டைக் காட்டவேண்டும், காட்டினால் கவிழ்ந்துவிடும். அரிசி மூட்டை நனைந்து வீங்கிக் கிடந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. கரை ஏறிய பிறகும் வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். 90களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை அடைபட்டுக் கிடந்தபோது, யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் சின்ன வள்ளங்களில் கடந்த சனங்களில் அம்மாவும் ஒருவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு வேற வழி இருக்கேல்லை, மோனை. உனக்குக் கரை இருக்குத்தானே."

கரையோடு போவதிலும் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. எந்தக் கரை என்பது முக்கியம். மேற்குக் காற்றென்றால் மேற்குக் கரையோடு போங்கள், அங்கே மரநிழலோடு அமைதியும் கிடைக்கும். கிழக்குக் கரையோடு போனால் முழு ஏரியின் அலையும் உங்களைப் பாறைமேல் தள்ளும். குடாவின் வாயைக் கடக்கும் இடங்களில் திரும்பவும் ஒரு குட்டித் திறந்தவெளி வரும். அங்கே சோம்பல்பட்டு நேரே வெட்டுவதும் நடுவழிதான், அளவு மட்டும் சின்னது.

எல்லா ஏரியிலும் கரை நண்பன் என்றும் சொல்லமுடியாது. சுப்பீரியர் ஏரியை எடுங்கள். 82,100 சதுர கிலோமீற்றர், ஆகக்கூடிய ஆழம் 406 மீற்றர், கோடையிலும் உடம்பை விறைக்கவைக்கும் தண்ணீர். அதன் வடகிழக்குக் கரையில் பல இடங்களில் பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. வரும் அலை பாறையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு கலந்து கொதிக்கிற பானை மாதிரி ஆகிவிடும். இறங்கவும் இடமிருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கரையை ஒட்டுவதைவிட நூற்றைம்பது, இருநூறு மீற்றர் தள்ளிப் போவதுதான் சரி. அதைவிடச் சரி, அந்த நாள் போகாமல் இருப்பது.

போகாமல் இருப்பதைப் பழைய ஆட்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தோல் வணிகத்துக்காக மொன்றியல் பக்கமிருந்து, சுப்பீரியரின் மேற்குப் பக்கத்து வணிக நிலையமான கிராண்ட் போர்ட்டேஜ் வரை சுப்பீரியர் வழியாகத் துடுப்புப் போட்ட வொயாஜர்கள் ஓட்டியது பதினொரு மீற்றர் நீளமான மரப்பட்டைக் கனூ. தொன்கணக்கில் பாரம், பத்துப் பேர் அளவில் துடுப்பு. அப்படிப்பட்டவர்களே கரையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். விடிய முதல் எழும்பிப் புறப்பட்டு, காற்று எழும்பினால் கரை ஏறிக் கனூவைக் கவிழ்த்துப் போட்டுக் காத்திருப்பார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் சுப்பீரியர் கரையிலுள்ள அகாவா பாறையில் செந்நிறக் காவியால் கனூக்களை வரைந்து, பக்கத்திலேயே கொம்பு வைத்த நீர்ப்பூனை மிஷிபெஷுவையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரின் அதிபதி அதுதான். கடப்பவர்கள் புகையிலை காணிக்கை போட்டுக் கடந்தார்கள். அந்தப் பாறைக்குக் கீழே ஒருமுறை நின்றுவிட்டால் ஏரியை அவசரப்படுத்த மனம் வராது.

காத்திருக்காத கதை ஒன்றும் இங்கே உண்டு, சொல்லாமல் போகமுடியாது. 1978 ஜூன் 11. ஒன்ராறியோ கியூபெக் எல்லையிலுள்ள டெமிஸ்கமிங் ஏரியில், ஒரு பள்ளியின் சிறுவர்களும் ஆசிரியர்களுமாக 31 பேர் நான்கு பெரிய கனூக்களில் புறப்பட்டார்கள். பின்னேரக் காற்றில் ஒரு கனூ தடுமாறிக் கவிழ்ந்தது. உதவிக்குப் போனவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 12 சிறுவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். லைஃப் ஜக்கெற் போட்டிருந்தார்கள். அவர்களைக் கொன்றது குளிர். டெமிஸ்கமிங் ஒடுக்கமான, நீண்ட ஏரி. கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அதற்காக லைஃப் ஜக்கெற் பயனில்லை என்று எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அந்த முதல் நிமிடத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆளுக்கு ஒன்று கனூவில் இருக்கவேண்டும் என்று கனடாச் சட்டம் சொல்கிறது, போட்டிருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. இருக்கைக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டு போகும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையும் காண்கிறேன். அலைக்குள் விழுந்த பிறகு அதைத் தேடிப் பிடித்துக் கொளுவிப் போடுவது நடக்காத காரியம். தயவுசெய்து துறையிலேயே போட்டுவிடுங்கள். விசில் அதன் பட்டியிலேயே தொங்கட்டும். தண்ணீர் அள்ளும் கலனும் 15 மீற்றர் மிதக்கும் கயிறும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கனூவுக்குப் பதில் கயாக் எடுத்தால் நடுவால் போகலாமா என்றும் கேட்கிறார்கள். மேல்மூடியும், இடுப்பைச் சுற்றிக் கட்டும் மறைப்பும் உள்ள கடல் கயாக், அலையைக் கனூவைவிட நன்றாகத் தாங்கும். உண்மைதான். ஆனால் கவிழ்ந்த பிறகு திரும்ப ஏறுவதை வெதுவெதுப்பான குளத்தில் பத்துத் தரம் பழகியிராதவருக்கு அந்த மூடியால் பெரிய பயன் இல்லை. சின்ன மோட்டர் படகு வேகமாகக் கடக்கும். எஞ்சின் நின்றால் பின்பக்கத் தாழ்வால் தண்ணீர் ஏறும்.

சரி, மூன்றாவது வழி. வாட்டர் டாக்சியில் போவது ஏமாற்று வேலை, துடுப்புப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். இப்போது சின்னப் பிள்ளைகளோடும் வயதான பெற்றோரோடும் வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். திறந்த நீர் முழுவதையும் அரை மணித்தியாலத்துக்குள் தாண்டிவிடலாம். அதன்பிறகு சின்ன ஏரிகளில் ஆசைதீரத் துடுப்புப் போடலாம். காசு கூட என்பது உண்மையான குறை. இன்னொரு குறையை யாரும் சொல்வதில்லை: போகும்போது டாக்சி, வரும்போது கனூ என்று திட்டம் போட்டவர்கள்தான் கூடுதலாக மாட்டுகிறார்கள். ஞாயிறு மத்தியானம், எதிர்க்காற்று, திங்கள் காலை வேலை. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் புத்திசாலியும் நடுவால் வெட்டப் பார்ப்பார். திரும்பி வருவதற்கும் டாக்சியைப் பதிந்து வையுங்கள், அல்லது கையில் ஒரு நாளை வைத்திருங்கள்.

என் தெரிவைச் சொல்கிறேன். அனுபவமுள்ள இரண்டு பேர், கோடைத் தண்ணீர், விடியற்காலை: கரைவழி. குடும்பம், அல்லது மே, ஒக்டோபர் மாதங்கள்: டாக்சி. நடுவழியை யாருக்கும் நான் சொல்வதில்லை. எண்ணெய் ஊற்றிய தண்ணீராகக் கிடக்கும் காலையிலும் சொல்வதில்லை. ஒரு மணித்தியாலத்தில் அது எப்படி மாறும் என்று பார்த்துவிட்டேன்.

இந்த ஓகஸ்டில் திரும்பவும் போகிறோம், மச்சானின் இரண்டு பிள்ளைகளோடு. உள்ளே போக டாக்சி பதிந்தாயிற்று. வரும்போது காலை ஐந்தரைக்கு மேற்குக் கரையோடு புறப்படுவதாகத் திட்டம். காற்றிருந்தால் கூடாரத்தைப் பிரிப்பதாக இல்லை. ஒரு நாளுக்கான அரிசியும் பருப்பும் ஒரு போத்தல் மாசிச் சம்பலும் தனிப்பையில் கட்டிவைத்திருக்கிறேன். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று அம்மா கேட்டபோது ஞாயிறு என்று சொல்லவில்லை, திங்கள் பின்னேரம் என்று சொன்னேன்.