அத்தையின் உதவித்தொகை நிற்கவே இல்லை

தாலுகா ஆபீஸ் வாசலில் யாராவது வந்து "பென்ஷன் கட் ஆயிடுச்சா? நான் பாத்துத் தரேன்" என்று சொன்னால், பணம் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் அத்தை அப்படி ஒருவனிடம் 3,500 ரூபாய் கொடுத்தார். அதுபோக 4,000 ரூபாய் அவருக்கே தெரியாமல் போனது. எல்லாம், நிற்காத உதவித்தொகையை மீட்டுத் தருவதற்காக.

அத்தைக்கு 67 வயது. வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தனியாக இருக்கிறார். ஊர் பெயரும் தாலுகா பெயரும் வேண்டாம். மாமா போன பிறகு ஆதரவற்ற விதவை உதவித்தொகை எழுதி வாங்கினார். 2023 ஆகஸ்டில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனபோது எனக்குப் போன் போட்டு, ஏதோ எனக்கே சம்பளம் கூடியது மாதிரி சொன்னார். மாதா மாதம் கைரேகை மிஷினோடு ஊருக்கு வரும் வங்கி அக்காவிடம் விரல் வைத்துப் பணம் எடுத்துக்கொள்வார்.

2024 பிப்ரவரியில் அந்த அக்கா "பணம் ஏறலை ஆயா" என்றிருக்கிறார். மார்ச்சிலும் அதே பதில். அத்தை தாலுகா ஆபீஸுக்குப் போனார். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பிரிவில் இருந்தவர், "தேர்தல் நேரம், எல்லாம் முடியட்டும்மா" என்று அனுப்பிவிட்டார். இது சுத்தப் புருடா. நடத்தை விதி இருந்தால் புதிய திட்டம் அறிவிக்க முடியாது, குறைதீர் கூட்டம் நடக்காது. ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் உதவித்தொகை அதற்காக நிற்பதில்லை. ஆனால் இது அத்தைக்கு எப்படித் தெரியும்? வங்கிக்குப் போனார். அங்கே "கவர்மென்ட் போட்டாத்தான் வரும், தாலுகாவுல கேளுங்க" என்றார்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து இரண்டு இடத்துக்கும் மாறி மாறி அலைந்ததுதான் மிச்சம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உனக்கே ஆயிரம் வேலை, இதுக்குப் போயி உன்னைத் தொந்தரவு பண்ணணுமா" என்றார் பிறகு.

மே மாதம் அந்த ஆள் கிடைத்தான். மனு எழுதித் தருகிறவர்கள் உட்காரும் வேப்பமரத்தடியில்தான் அவனும் இருந்திருக்கிறான். கையில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் ஒரு பட்டை. அதில் தொங்கிய அட்டையில் என்ன இருந்தது என்று அத்தைக்குத் தெரியாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "உன் பேரு லிஸ்ட்ல இருந்தே தூக்கிட்டாங்க ஆயா. புதுசா ஏத்தணும். விட்டுப்போன மாசத்தையும் சேத்து வாங்கித் தரேன். உள்ள மூணு பேருக்குத் தரணும், எனக்கு இதுல ஒண்ணும் நிக்காது" என்றானாம். முதலில் 1,500, அடுத்த வாரம் 2,000. கம்மலை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் தடவை போனபோது ஆதார் கார்டு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பாஸ்புக் மூன்றின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டான். தீப்பெட்டி அளவு ஒரு கருவியைப் போனில் சொருகி, "வெரிஃபிகேஷன்" என்று சொல்லிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னான். முதல் தடவை சரியாகப் பதியவில்லையாம். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, மறுபடியும் அழுத்தச் சொல்லியிருக்கிறான். கூட ஒரு ரசீதும் கொடுத்தான். அதை அத்தை பிளாஸ்டிக் கவரில் மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஜூனில் லீவு போட்டு ஊருக்குப் போனபோதுதான் அந்தக் கவரைப் பிரித்தேன். இ-சேவை ரசீதுதான், போலி இல்லை. ஆனால் விண்ணப்பித்திருந்தது வருமானச் சான்றிதழுக்கு! கட்டணம் 60 ரூபாய். உதவித்தொகை என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. அதைக் காட்டிக் காட்டித்தான் மூன்று வாரமாக "உன் மனு மேல போயிருக்கு ஆயா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

என் முறைக்கு நானும் தாலுகா ஆபீஸ் போனேன். ஜமாபந்தி நேரம், கால் வைக்க இடமில்லை. இரண்டு மணி நேரம் நின்றபிறகு, கணினி முன்னால் இருந்த தம்பி ஆதார் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பணம் மாசா மாசம் போயிட்டுத்தான் சார் இருக்கு" என்றார். மாசா மாசம்! எந்த வங்கிக்கு என்று கேட்டேன். திரையைத் திரும்பப் பார்த்து ஒரு பேமென்ட்ஸ் வங்கியின் பெயரைச் சொன்னார். கடன் கொடுக்காத, பணம் போட்டு எடுக்க மட்டுமான வங்கி அது. அத்தைக்கு அங்கே கணக்கு இருப்பது அத்தைக்கே தெரியாது.

நடந்தது இதுதான். ஜனவரியில் சந்தைக்குப் போனபோது, குடைபோட்டு உட்கார்ந்திருந்த ஒருவனிடம் அத்தை புது சிம் வாங்கியிருக்கிறார். இரண்டு தடவை விரல் வைக்கச் சொல்லியிருக்கிறான். ஒன்று சிம்முக்கு. இன்னொன்று, சிம் கம்பெனியின் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்க. அந்தக் கணக்கோடு அத்தையின் ஆதாரும் இணைக்கப்பட்டுவிட்டது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆதார் எண்ணை எத்தனை வங்கிக் கணக்கோடு வேண்டுமானாலும் இணைக்கலாம். ஆனால் ஆதாரை அடையாளமாக வைத்து அரசு அனுப்பும் பணம், தேசியப் பணப்பட்டுவாடா கழகத்தின் பட்டியலில் அந்த ஆதாருக்கு நேராக எந்த வங்கி இருக்கிறதோ அதற்குத்தான் போகும். அந்தப் பட்டியலில் ஒரு நேரத்தில் ஒரு வங்கிக்குத்தான் இடம். புதிதாக ஒன்று ஏறினால் பழையது இறங்கிவிடும். பழைய வங்கியில் "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால் ஆகியிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பொய்யும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை, அவ்வளவுதான். "அரசுப் பணம் வருவதற்கு இந்த ஆதார் எந்த வங்கியில் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

இது புதுக் கூத்தும் இல்லை. 2017-லேயே பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்று சிம் சரிபார்ப்புக்கு வாங்கிய ஆதாரை வைத்து வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குத் திறந்து, லட்சக்கணக்கானவர்களின் காஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தபிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழு வருடம் கழித்து எங்கள் ஊர்ச் சந்தையில் அதே வேலை.

வீட்டிலிருந்தே இதைப் பார்க்க வழி இருக்கிறது என்பது அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் எண்ணைப் போட்டு, போனுக்கு வரும் ஓடிபி-யை அடித்து உள்ளே போனால், வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் வங்கியின் பெயர் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. ஆதாரில் பதிந்த போன் எண் உயிரோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான். ஐந்து மாத அலைச்சலுக்கும் 3,500 ரூபாய்க்கும் கம்மலுக்கும் மருந்து அந்த இரண்டு நிமிடத்தில் இருந்திருக்கிறது. அதை ஏன் ஒரு குமாஸ்தாவும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் திரையில் "பணம் போய்விட்டது" என்று இருக்கிறது, எதிரே நிற்கிற அம்மா "வரவில்லை" என்கிறார். ஒரு நிமிடம் யோசித்தால் போதாதா?

பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கில் பணம் அப்படியே இருந்தது. ஐந்து மாதத்துக்கு 6,000, அதோடு அத்தை மறந்தே போயிருந்த நூறு நாள் வேலைக் கூலி. அந்தக் கூலியையும் 2024 ஜனவரியில் ஆதார் வழியில்தான் என்று கட்டாயமாக்கியிருந்தார்கள், அதனால் அதுவும் இதே கணக்குக்குப் போயிருக்கிறது. உங்கள் வீட்டில் உதவித்தொகை நின்றுபோனால், வேறு ஏதாவது அரசுப் பணமும் சேர்ந்து நின்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒரே மாதத்தில் நின்றிருந்தால், பெயரை நீக்கியிருப்பதைவிடக் கணக்கு மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழைய வங்கிக்குப் போய் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தோம். அதில், வேறு வங்கியில் இருப்பதை இங்கே மாற்றச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்து அந்த வங்கியின் பெயரையும் எழுத வேண்டும். அது விட்டுப்போனால் படிவம் சும்மா கிடக்கும். மேனேஜரிடம் நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் மாறிவிட்டது.

அன்றைக்கு பாஸ்புக்கை மிஷினில் கொடுத்து அச்சடித்தபோதுதான் அடுத்த அடி. பாஸ்புக்கா? ஆமாம், அதை அந்த ஆளிடமிருந்து வாங்கவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. போலீஸ் என்று ஒரு வார்த்தை சொன்னதும் மூன்று அசலும் ஃபைலிலிருந்து வந்தன. 3,500 மட்டும் "உள்ள குடுத்துட்டேன்" என்றான். அச்சான பக்கத்தில் மே மாதத்தில் ஒரு வரி: 4,000 ரூபாய் பற்று, ஆதார் வழிப் பணம் எடுப்பு. தேதியைப் பார்த்தால், அவன் "வெரிஃபிகேஷன்" என்று விரல் வாங்கிய அதே நாள். பதியவில்லை என்ற அந்த முதல் அழுத்தம் நன்றாகவே பதிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தச் சின்ன மிஷினுக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் இந்த மூன்று போதும். ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. அதனால் பெரியவர்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: விரல் வைப்பது, காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி. ரேஷன் கடை, வங்கி, ஊருக்கு வரும் தெரிந்த வங்கி அக்கா தவிர வேறு யார் கேட்டாலும் வைக்கக் கூடாது. வைத்தால் ரசீது கேட்க வேண்டும். கைரேகையை ஆதார் செயலியில் பூட்டியும் வைக்கலாம், தேவைப்படும்போது கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். ஸ்மார்ட்போனும் கூட ஒரு ஆளும் இருக்கிற வீட்டுக்கு அது சரி. தனியாக ரேஷன் வாங்கப் போகிற அத்தைக்கு ஒத்துவராது, நான் பூட்டவில்லை. அதற்குப் பதில் வங்கியில் என் எண்ணைப் பதிந்து, குறுஞ்செய்தி எனக்கு வரும்படி செய்துவிட்டேன். அதுவரை பதிந்திருந்தது எப்போதோ செத்துப்போன பழைய நம்பர். பணம் எடுத்த செய்தி யாருக்கும் வராமல் போனது அதனால்தான்.

அந்த 4,000-க்கு வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, 1930 என்ற சைபர் குற்ற எண்ணிலும் பதிந்திருக்கிறோம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் பணம் எடுத்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு இழப்பு இல்லை. தள்ளிப்போகப் போக நம் பங்கு ஏறும். எங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. தகவலே வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-ல் வழி சொல்கிறார்கள்.

எல்லோருக்கும் கணக்கு மாறித்தான் நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கள ஆய்வுக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்து "ஊரில் இல்லை" என்று எழுதப்பட்டவர்களும், உயிரோடு இருக்கும்போதே இறந்தவர் பட்டியலில் ஏறியவர்களும் உண்டு. அப்படியானால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, தனி வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், இல்லை முதல்வரின் உதவி எண் 1100. மனு எண் கையில் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். இவற்றில் எதற்கும் உள்ளே மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இ-சேவையில் ஏதாவது விண்ணப்பித்தால், கட்டணம் ரசீதிலேயே அச்சாகியிருக்கும். என்ன விண்ணப்பம் என்பதும் அச்சாகியிருக்கும், அதைப் படிக்கத் தெரிந்த யாரிடமாவது அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

ஜூலையிலிருந்து அத்தைக்குப் பழைய கணக்கிலேயே 1,200 ஏறுகிறது. கம்மலை மீட்டாயிற்று. அந்த ஆள் மேல் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன், விசாரணைக்கு அனுப்பியிருப்பதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆனால் மரத்தடியில் அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் அத்தையின் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு உதவித்தொகை வரவில்லை என்று போயிருக்கிறார்கள். 4,000 கேட்டானாம்.