மண்ணடிப் பழைய வீடு: இடிப்பதா, முகப்பை மட்டும் காப்பதா, பழுது பார்ப்பதா?

சென்னை ஜார்ஜ் டவுனில் பழைய வீடு ஒன்று பாகப்பிரிவினையில் கைக்கு வந்தால் குடும்பத்துக்குள் மூன்று கட்சி முளைத்துவிடும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பார் ஒருவர். தெருப்பக்க முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே கான்கிரீட் எழுப்பலாம் என்பார் இன்னொருவர். இருப்பதைச் சரிசெய்து, அதற்குப் பொருந்துகிற தொழிலை உள்ளே கொண்டுவரலாம் என்பது மூன்றாவது கட்சி. பெரியப்பாவின் மண்ணடி வீட்டுக்காக ஒரு வருஷம் இதைப் பேசித் தீர்த்தோம். நான் மூன்றாவது கட்சி.

இடிப்பதில் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய நிலமாக இருந்தால் கணக்கு வேறு. 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்த பின்னி மில் 1996 இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆனால் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. பல இடங்களில் நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. நாம் கடப்பாரையைப் போட்டால் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடும். குறுகலான மனையில் வண்டி நிறுத்தவும் லிஃப்டுக்கும் இடம் விட்ட பிறகு கீழே கடைக்கு என்ன மிஞ்சும்? இந்தத் தெருக்களில் வாடகை தருவதே கீழ்த்தளம்தான்.

முகப்பை மட்டும் வைப்பது பார்க்க அழகான சமரசம். எனக்கு அதில்தான் அதிகக் கோபம். உள்சுவர்களும் தளமும் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் முகப்புச் சுவர் நிற்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் இரும்பு முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். உள்ளே புதுத் தூணுக்குக் குழி தோண்டுவது பழைய அஸ்திவாரத்தை ஒட்டியே நடக்கும். செலவு புதுக் கட்டடத்துக்குக் குறையாது, முற்றமும் காற்றும் போய்விடும்.

பழுது பார்ப்பதற்கு வருவோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது கூரை. நம் ஊரின் மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்கள் மேல் மெல்லிய சிறு செங்கற்களை மூலைவாட்டில், குத்துவாக்கில், சுண்ணாம்பு வைத்து ஒட்டுவது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். சட்டத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் போகிற முனைதான் ஈரத்திலும் கறையானிலும் கெடும். வந்த கொத்தனார் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு முனையிலும் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தார். பதினொரு சட்டத்தில் இரண்டில் மட்டும் அது வெண்ணெயில் போவது போல் இறங்கியது. “தம்பி, இந்த ரெண்டுக்காகவா மொத்த மச்சையும் இடிக்கச் சொல்றாங்க?” என்றார். அந்த இரண்டுக்கும் பதிலாக இரும்பு உத்தரம் போதும்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. முன்பு யாரோ சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சைத் தட்டு தட்டாகப் பெயர்த்துவிட்டது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்புதான் பூச வேண்டும். நாளாகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதும் சிரமம். இந்த வழியில் உள்ள பெரிய குறை இது, மறைக்க விரும்பவில்லை.

சரி, உள்ளே என்ன வரலாம்? தங்கசாலையில் நாணயம் அடித்த இடம் பின்னால் அரசு அச்சகமானது. 1856 இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனில் இன்றும் ரயில் நிற்கிறது. கட்டடத்தின் உடம்புக்கு ஒத்துப்போகிற வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கனமான சரக்கு அடுக்கும் குடோனுக்கு மாடியை விடக் கூடாது. கீழே கடை, மேலே வக்கீல் ஆபீஸ் என்றால் ஹைகோர்ட் நடந்துபோகும் தூரம், முற்றத்து வெளிச்சமே போதும். கழிப்பறையை மட்டும் மரக்கூரைக்குக் கீழோ மேலோ வைக்கவே கூடாது. ஒரு குழாய் கசிந்தால் சட்டத்தின் முனை போச்சு.

எங்கள் வீட்டில் பின்கட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் தனியாகச் சின்ன கான்கிரீட் அறை எழுப்பி, எல்லாக் குழாயையும் அங்கே கொண்டுபோகிறோம். பெரியப்பா அதற்குச் சம்மதித்துவிட்டார். திண்ணையை மட்டும் கடைக்காரரிடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்.