கோஆர்டெம் பேபி: ஐந்து கிலோவை எட்டாத குழந்தைக்கு ஒரு மலேரியா மாத்திரை

மருந்தகத்தில் நிற்பவர்களுக்குப் பாதி மாத்திரை புதிதல்ல. பெரியவர்களுக்கென்று செய்த மாத்திரையைக் கத்தியால் கீறி, சின்னப் பிள்ளைக்கு வேளைக்குப் பாதி என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன்; இரண்டு பாதிகளும் ஒரே அளவு என்று ஒரு நாளும் அடித்துச் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தினால், கோஆர்டெம் பேபி என்ற மருந்துக்கு 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான ஸ்விஸ்மெடிக் ஒப்புதல் அளித்த செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் பார்க்கத் தோன்றியது அதன் மில்லிகிராம் கணக்கு. இரண்டு கிலோ முதல் ஐந்து கிலோவுக்குள் எடையுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கென்றே உருவாக்கி ஒப்புதல் பெற்ற முதல் மலேரியா மருந்து இதுதான். நோவார்ட்டிஸ் நிறுவனமும் மெடிசின்ஸ் ஃபார் மலேரியா வென்ச்சர் என்ற லாபநோக்கற்ற அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய இது, சில நாடுகளில் ரியாமெட் பேபி என்ற பெயரிலும் அறியப்படுகிறது. குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தவராக அல்லாமல், அளவையும் சேர்மானத்தையும் எடைபோடும் மருந்தாளுநராகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் இதன் மதிப்பு விளங்கும். இதே நிறுவனங்கள் 2009-இல் கொண்டுவந்த கரையும் மலேரியா மாத்திரையில் இரண்டு மருந்துகள் உண்டு: ஆர்த்திமீத்தர் 20 மில்லிகிராமும் லூமிஃபான்ட்ரின் 120 மில்லிகிராமும் இருக்கின்றன. ஐந்து கிலோ முதல் பதினைந்து கிலோவுக்குள் உள்ள குழந்தைக்கு வேளைக்கு ஒரு மாத்திரை. ஐந்து கிலோக் குழந்தைக்கு இது கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஆர்த்திமீத்தர் ஆகிறது. அதே மாத்திரையை இரண்டரைக் கிலோக் குழந்தைக்கு முழுதாகக் கொடுத்தால் கிலோவுக்கு 8 மில்லிகிராம் போய்ச் சேரும். பாதியாக உடைத்தால் கணக்கு காகிதத்தில் சரியாக வரும். கையில் வருமா என்பது வேறு விஷயம். ஐந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ஐந்து கிலோக் குழந்தைக்குரிய அதே கிலோ விகிதத்தில் ஆர்த்திமிசினின் (ஆர்த்திமீத்தர் இந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது) கூட்டு மருந்தைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டியில் சொல்லியிருந்தது. ஆனால் அந்த அளவைச் சரியாகத் தருகிற மாத்திரை எந்த அலமாரியிலும் இருக்கவில்லை.

உடைப்பதோடு சிக்கல் முடிந்துவிடுவதும் இல்லை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் கல்லீரல், மருந்தைச் சிதைக்கும் நொதிகளை இன்னும் முழு அளவில் சுரப்பதில்லை. பெரிய குழந்தையின் உடம்பில் விரைவாகக் கழிந்துவிடும் மருந்து இங்கே கூடுதல் நேரம் தங்குகிறது. ஆகவே பழைய மாத்திரையைச் சின்னதாக வெட்டினால் சின்னக் குழந்தைக்குப் பொருந்திவிடும் என்ற எண்ணமே பிழையாகிறது. கோஆர்டெம் பேபிக்காக நடந்த கலினா என்ற ஆய்வு இதைக் கருத்தில் கொண்டு, மொத்த அளவை மாற்றியதோடு இரு மருந்துகளுக்கும் இடையிலான விகிதத்தையும் மாற்றிச் சோதித்தது. பழைய மாத்திரையில் ஒரு பங்கு ஆர்த்திமீத்தருக்கு ஆறு பங்கு லூமிஃபான்ட்ரின் என்றால், புதியதில் ஆர்த்திமீத்தரின் பங்கு குறைந்திருக்கிறது. என் பார்வையில் இந்த மருந்தின் உண்மையான புதுமை இந்த ஒரு மாற்றம். விளம்பரங்களில் முன்னால் நிற்கும் செர்ரிச் சுவை இரண்டாம்பட்சம்.

இரண்டாம்பட்சம் என்றாலும் அது வீண் அல்ல. கசப்பான எதையும் துப்பிவிடும் வயதில் சுவையும் மருந்தின் வேலையில் ஒரு பகுதிதான். மாத்திரை தண்ணீரில் மட்டுமின்றித் தாய்ப்பாலிலும் கரையும் என்பது அதைவிடப் பெரிய வசதி. லூமிஃபான்ட்ரின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும்; அதனால்தான் பெரியவர்களிடம் உணவோடு சாப்பிடச் சொல்லுகிறோம். பால் தவிர வேறெதுவும் குடிக்காத குழந்தைக்கு அந்தக் கொழுப்பு தாய்ப்பாலிலிருந்துதான் வர வேண்டும். கரைத்த மருந்தைப் பாலாடையில் எடுத்துக் கடைவாயில் சிறிது சிறிதாக ஊற்றுவது நம் பாட்டிமாருக்குச் சொல்லித்தர வேண்டிய கலை இல்லை. கொடுத்து முடித்ததும் பாலூட்டவும் வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டினால் போதும்.

இவ்வளவு காலம் ஏன் ஆனது என்ற கேள்வி எழாமல் இருக்காது. தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் புரதங்களும், பிறந்த சில மாதங்களுக்கு இரத்தத்தில் மிகுந்திருக்கும் கருக்கால ஹீமோகுளோபினும் காப்பதால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மலேரியா அரிது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதையே காரணமாக வைத்து மருந்து ஆய்வுகளில் இந்தக் குழந்தைகளைச் சேர்க்காமல் விட்டதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடையே தொற்று 3.4 முதல் 18.4 சதவீதம் வரை இருந்ததாகக் கண்டது. ஆப்பிரிக்காவில் மலேரியா பரவும் பகுதிகளில் ஆண்டுதோறும் சுமார் 3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. மலேரியாவுக்கான ஆர்டிஎஸ்எஸ் தடுப்பூசியும், புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியும் ஐந்தாம் மாதத்தில்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய மாதங்களில் கொசுவலையும் தாயின் உடம்பு கொடுத்த எதிர்ப்பும்தான் துணை.

குறைகளுக்கு வருகிறேன். மருந்தை நாளுக்கு இரண்டு வேளையாக மூன்று நாள் கொடுக்க வேண்டும். இரண்டாவது வேளையை முதல் வேளைக்குப் பின் எட்டு மணி நேரத்தில் கொடுக்க வேண்டியிருப்பதால், மாலையில் சுகாதார நிலையத்துக்கு வந்த தாய்க்கு அது நள்ளிரவில் விழும். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, குழந்தை சிரித்துவிட்டால் ஆறாவது வேளை மறக்கப்படும் என்பது எந்த மருந்தாளுநருக்கும் தெரிந்த கதை. கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும் என்பதால், மாத்திரை தீர்ந்துபோகாதபடி நிலையத்தார் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடையை நம்பிச் செய்யப்பட்ட மருந்துக்குச் சரியான எடைக்கருவி வேண்டும். முள் ஆடும் பழைய தராசு ஒன்று போதும், இத்தனை நுணுக்கமான அளவையும் பாழாக்கிவிட.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வரும் காய்ச்சல், இரத்தத்தில் பரவிய பாக்டீரியாத் தொற்றாகவும் இருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து கிடப்பது, வலிப்பு ஆகியவை எந்த நோயிலும் ஆபத்தின் அடையாளங்கள். இரத்தப் பரிசோதனை செய்யாமல் கையில் இருக்கும் இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, மாத்திரை இல்லாததைவிடக் கெடுதலாக முடியலாம். கடுமையான மலேரியாவுக்கு ஊசிவழி ஆர்டிசனேட்தான் மருந்து. இது அந்த இடத்துக்கு உரியது அல்ல. சென்னையில் நெடுங்காலமாகப் பெரும்பாலும் காணப்பட்டுவருவது வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி வகை என்பதால், நம் ஊர் மருந்துக்கடையில் இதைத் தேடிப் போவதிலும் பொருள் இல்லை. ஃபால்சிபாரம் என்ற இன்னொரு கிருமி வகை மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளை மனத்தில் வைத்தே இது செய்யப்பட்டது. புர்கினா ஃபாசோ, கென்யா, நைஜீரியா, உகாண்டா உள்ளிட்ட எட்டு நாடுகள் ஸ்விஸ்மெடிக்கின் மதிப்பீட்டில் பங்கெடுத்தன. பெருமளவு லாபமின்றி விற்கப்போவதாக நிறுவனம் சொல்லியிருப்பது அந்த நாடுகளுக்கு நல்ல செய்தி.

உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் ஆர்த்திமிசினினுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும் கிருமிகள் ஏற்கெனவே தென்பட்டுவிட்டன. இந்த மாத்திரையும் அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டு கிலோ என்ற கீழ்வரம்புதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கருவுற்ற தாய்க்கு மலேரியா வந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். அப்படி ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மருத்துவர் இன்றும் தன் கணக்கைத் தானே போட்டாக வேண்டும்.