சிவப்பு மரத்தரைக்குப் பொருந்தும் கபினெட் நிறம் என்று சொல்லி 18,600 ரிங்கிட் வாங்கியவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மெர்பாவ், கெம்பாஸ் போன்ற சிவப்பு மரத்தரை உள்ள வீட்டில் சமையலறைக் கபினெட்டை மாற்றப் போகிறவர்கள், அதிலும் நிற ஆலோசனை, முப்பரிமாணப் படம், தயாரிப்பு, பொருத்துதல் எல்லாம் ஒரே இடத்தில் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் உள் அலங்கார நிறுவனங்களிடம் முன்பணம் கட்டப் போகிறவர்கள், பணத்தை அனுப்புவதற்கு முன் இதை முழுமையாகப் படித்துவிடுங்கள். நாங்கள் 18,600 ரிங்கிட்டைக் கட்டி முடித்துவிட்டோம். எங்கள் புகார் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய காட்சிக்கூடமும், கைப்பேசிச் செயலியும், நிறைய நட்சத்திரக் குறிகளும் வைத்திருக்கும் வகை என்று தெரிந்துகொண்டால் போதும். எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, இத்தகைய தரைக்கு எந்த நிறங்கள் சேரும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய இரண்டு மாடி வரிசை வீடு. கூடத்தில் தொடங்கிச் சாப்பாட்டு மேசை இருக்கும் இடம் வழியாக உலர் சமையலறை வரை ஒரே தரையாக மெர்பாவ் பட்டிகள் பதித்திருக்கிறார்கள்; தாளிப்பும் பொரிப்பும் நடக்கும் பின்புற ஈரச் சமையலறையில் மட்டும் டைல்ஸ். மெர்பாவ் புதிதாக அறுக்கும்போது மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்து, வெளிச்சம் படப்படச் செம்பழுப்பாக ஆழ்ந்து போகும் மரம். எங்கள் தரை பல ஆண்டு வெயிலையும், நாளானால் தானும் மஞ்சளித்துவிடும் எண்ணெய் வார்னிஷையும் வாங்கிக்கொண்டு இப்போது நன்றாகச் சிவந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் மரத்தின் நுண்துளைகளில் மஞ்சள் பொடி படிந்திருப்பது தெரியும். மெர்பாவை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். இவ்வளவு நல்ல தரையைப் பெயர்க்க யாருக்கும் மனம் வராது. ஆகவே தரை அப்படியே இருக்கட்டும், கபினெட் நிறத்தை அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்போம் என்று முடிவு செய்தோம். அந்தத் தேர்வுக்குத்தான் இவர்களிடம் போனோம்.

ஆலோசகர் என்று வீட்டுக்கு வந்த இளைஞர் நல்ல தமிழில் பேசினார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு நேராக உலர் சமையலறைக்குள் சென்று தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வெள்ளை நிறம்தான் வேண்டும் என்று என் மனைவி சொன்னதற்கு, "அக்கா, பளிச்சென்ற வெள்ளை இந்தத் தரைக்குப் பக்கத்தில் நீலமடிக்கும், தரையும் ரோஜா நிறமாகத் தெரியும், வேண்டாம்" என்றார். தேக்கு நிறத்தில் போடலாமே என்று என் தாயார் கேட்டபோது, "சிவப்பு மரத்துக்கு மேல் இன்னொரு சிவப்பு மரம் வந்தால் இரண்டும் போட்டி போடும் அம்மா, தரையிலிருந்து விலகிய நிறமாகத்தான் பார்க்க வேண்டும்" என்றார். இரண்டும் சரியான பேச்சு என்பதை இன்றும் நான் மறுக்க மாட்டேன், அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. பிறகு பையிலிருந்து மாதிரித் துண்டுகளை எடுத்துத் தரையில் பரப்பி, அவற்றில் மணல் நிறம் கலந்த இளஞ்சாம்பல் துண்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒதுக்கி, சன்னல் திரையை முழுவதும் விலக்கி, "அண்ணே, நீங்களே பாருங்கள், மரத்துக்குள் இருக்கும் மஞ்சளை இது எப்படி எடுத்துக் காட்டுகிறது" என்றார். உண்மையிலேயே எடுத்துக் காட்டியது. தரையின் சிவப்பு அடங்கி, துண்டின் வெதுவெதுப்பான சாம்பல் அதனோடு அமைதியாகச் சேர்ந்து நின்றது. கபினெட் விற்பவரிடம் பேசுகிறோம் என்ற எண்ணமே எங்களுக்குப் போய்விட்டது. என் மகள் அந்தத் துண்டு தரையில் கிடப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாள்.

கபினெட்டுக்கு 18,000 ரிங்கிட், நிற ஆலோசனைக்குத் தனியாக 600 ரிங்கிட், ஆக மொத்தம் 18,600 ரிங்கிட். அன்றைக்கே பாதித் தொகையான 9,000 ரிங்கிட்டையும் ஆலோசனைக் கட்டணத்தையும் செலுத்தினோம். மாதிரித் துண்டை எங்களிடமே விட்டுச் செல்லுமாறு கேட்டேன். இந்த நிறத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டார். விலைச்சீட்டில் "இளஞ்சாம்பல், மங்கல் பூச்சு" என்று மட்டும் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி, பலகை தயாரிப்பாளரின் நிற எண் எங்கே என்றும் கேட்டேன். பட்டறைக்குப் போகும் ஆணையில் எண் தானாக ஏறிவிடும், செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். செயலியில் எண் வரவில்லை, முப்பரிமாணப் படம்தான் வந்தது, அதிலும் தரை வெளிறிய ஓக் நிறத்தில் இருந்தது. எங்கள் தரையை வைத்துப் படத்தைத் திருத்தி அனுப்பச் சொன்னதற்கு, படம் இட அமைப்பைக் காட்டுவதற்குத்தான், நிறத்தை நேரிலேயே பார்த்துவிட்டீர்களே என்று பதில் வந்தது. பலகை வெட்டுவதற்கு முன் இன்னும் 7,200 ரிங்கிட் கேட்டார்கள், அதுவும் போனது.

பொருத்துநர்கள் கதவுகளை மாட்டி முடித்து மேலிருந்த பாதுகாப்புத் தாளை உரித்தபோது, "என்னடா இது, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார் என் தாயார். வந்திருந்த பலகையில் மணல் நிறத்தின் சாயலே இல்லை. நீலத்தை அடிப்படையாகக் கொண்ட குளிர்ந்த சாம்பல் அது. செம்பழுப்புத் தரைக்கு மேல் அது பச்சை கலந்த சாம்பலாகத் தெரிந்தது, தரையோ எங்கள் வீட்டில் ஒருநாளும் இல்லாத அளவுக்கு ஆரஞ்சாகத் துருத்திக்கொண்டு நின்றது. வேலையாட்களிடம் கேட்டோம்; பட்டறையிலிருந்து வந்ததைத்தான் மாட்டுகிறோம் என்று அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை எழுதும்போதே கை நடுங்குகிறது. ஆலோசகர் முதலில் விளக்கைக் குறை சொன்னார். மாற்றினோம், 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் கதவுகள் அழுக்குப் பச்சையாகவும், 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் நீலமாகவும் தெரிந்தனவே தவிர, காட்டிய நிறம் எந்த விளக்கிலும் வரவில்லை. மகள் எடுத்த படத்தை அனுப்பினேன். கைப்பேசிக் கேமரா நிறத்தை மாற்றிக் காட்டும் என்றார். அடுத்த முறை அழைத்தபோது அவர் வேறு கிளைக்குப் போய்விட்டதாக வேறொருவர் பேசினார். செயலியில் புகார் கொடுக்க முயன்றால், நிலுவையில் உள்ள 1,800 ரிங்கிட்டைச் செலுத்திக் கணக்கை முடித்தால்தான் விற்பனைக்குப் பிந்திய சேவை திறக்கும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. செலுத்தினோம், சேவை திறந்தது, புகாரைப் பதிவு செய்தோம். நிறம் குறித்த மனநிறைவின்மை உத்தரவாதத்தில் அடங்காது என்ற ஒரே வரியோடு மறுநாளே அதை மூடிவிட்டார்கள். 18,600 ரிங்கிட்டையும் முழுமையாக வாங்கிக்கொண்ட பிறகுதான் அந்த வரியை எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

காட்சிக்கூடத்துக்கே நேரில் போனோம். மேலாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பலகையில் குறை இல்லை சார், உங்கள் தரைதான் அதைப் பச்சையாகக் காட்டுகிறது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியே அவர்களுக்கு எதிரான சாட்சி. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிறம் அதை மாற்றிக் காட்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரேல், கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்யப்பட்ட நிறத்தில் இருக்கிறது என்று கண்டு, அதை ஒரு விதியாகவே 1839ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிவப்பைப் பார்க்கும் கண் அதன் எதிர் நிறமான பச்சையைப் பக்கத்தில் உள்ள சாம்பலின் மேல் ஏற்றிவிடும். சாம்பலில் ஏற்கெனவே நீலம் இருந்தால் அது இன்னும் கூடும், மணல் நிறமோ மஞ்சளோ இருந்தால் அடங்கும். இதைத் தெரிந்துகொண்டு நிறம் சொல்வதற்குத்தானே 600 ரிங்கிட் வாங்கினார்கள்? அவர்களுடைய ஆள் தரையில் மண்டியிட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தது இதைத்தானே?

தரைதான் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது என்ற அவர்கள் பேச்சையும் சோதித்துவிட்டோம். பொருத்துநர்கள் விட்டுச் சென்ற குப்பையில் ஒட்டுச்சீட்டோடு ஒரு வெட்டுத் துண்டு கிடந்தது. மாதிரித் துண்டு கிடந்த அதே பட்டியின் மேல், அதே நண்பகல் வெளிச்சத்தில், அதே கைப்பேசியால் அதைப் படம் எடுத்து, இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் வேறுபாடு தெரிகிறது. ஒட்டுச்சீட்டில் இருந்த எண்ணைப் பலகைக் கடையில் காட்டியபோது, கடைக்காரர் நிறப் புத்தகத்தைத் திறந்து, குளிர்ந்த சாம்பல்கள் உள்ள பக்கத்தில் அதைக் காட்டினார். காட்டியது ஒன்று, வெட்டியது வேறொன்று. இந்தச் சான்றுகளோடு மறுபடியும் எழுதியதற்கு மேலாளர் அனுப்பிய தீர்வுகளைக் கேளுங்கள்: 6,000 ரிங்கிட் கொடுத்தால் மெர்பாவ் தரையை இழைத்துக் கறுப்புச் சாயம் ஏற்றித் தருவார்களாம், அல்லது தள்ளுபடி விலையில் அதன் மேல் சாம்பல் வினைல் ஒட்டித் தருவார்களாம். தரையைக் காப்பாற்றத்தான் இவர்களிடம் போனோம்.

இதற்கு நடுவே அவர்களுடைய விளம்பரப் பக்கத்தில் எங்கள் சமையலறையின் படம் வந்திருக்கிறது. கபினெட் அப்படியே இருக்கிறது, தரையின் நிறத்தை மட்டும் வெளிறச் செய்திருக்கிறார்கள்.

எந்த நிறம் சேரும் என்று விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான பொறுமை இப்போது இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மரத்தரைக்கு மஞ்சள் சாயலுள்ள பாலேட்டு நிறம், மணல் கலந்த சாம்பல், மங்கிய இலைப்பச்சை, ஆழ்ந்த கருநீலம் ஆகியவற்றைப் பாருங்கள். நீலச் சாம்பலையும் பளிச்சென்ற வெள்ளையையும் சிவப்பு மர நிறங்களையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளங்கை அளவு துண்டை வைத்து முடிவு செய்யாமல் முழுக் கதவு ஒன்றைக் கேட்டு வாங்கி, தரையில் படுக்க வைக்காமல் நிற்க வைத்துக் காலையிலும் இரவிலும் பாருங்கள். சமையலறையில் சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு) 90க்குக் குறைந்த விளக்கைப் போடாதீர்கள், சிவப்பு செத்துவிடும். மாதிரித் துண்டில் இரு தரப்பும் கையெழுத்திட்டு அது உங்களிடமே இருக்க வேண்டும். தரமாட்டோம் என்றால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் நிற எண்ணும் இல்லாத விலைச்சீட்டுக்கு ஒரு சென்னும் கட்டாதீர்கள். மீதித் தொகையைக் கட்டினால்தான் புகாரைப் பார்ப்போம் என்பவர்களுக்கு அந்த மீதித் தொகை போகவே கூடாது.

காட்டிய மாதிரிக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். 18,600 ரிங்கிட்டுக்கும் எங்கள் கோரிக்கையைக் கொடுத்துவிட்டோம். விசாரணை முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். இதே வகை நிறுவனத்திடம் நிறம் மாறி வந்தவர்கள் இருந்தால், உங்கள் விலைச்சீட்டையும் பலகையின் பின்புற ஒட்டுச்சீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.