மஞ்சக்குப்பம் கண் கிளினிக்: சொட்டு மருந்துக்கு முன்னால் விளக்கை அணைத்த டாக்டர்

ஆதார் படம் மாற்றப் போன இடத்தில் அப்பாவிடம் "ஐயா, அந்த வலது கண்ணையும் நல்லா திறங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் நாங்களே கவனித்தோம், வலது இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) உட்கார்ந்ததுமே சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூட வைத்து, வயசாகிவிட்டது என்று புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்தச் சின்ன கிளினிக். இங்கேயும் உதவியாளர் சொட்டு பாட்டிலோடு வந்தார், ஆனால் டாக்டர் "இருங்க, நான் பார்த்துட்டு விடலாம்" என்று நிறுத்திவிட்டார். எனக்கு இவரைப் பிடித்துப்போனது அங்கேதான். விளக்கை அணைத்து, தாடைக்குக் கீழிருந்து சின்ன டார்ச் அடித்தார். இடது கண்மணி சட்டென்று விரிந்தது, வலது சாவகாசமாக. கண்மணியை விரிக்கும் சொட்டை முதலிலேயே விட்டிருந்தால் இது தெரிந்திருக்குமா?

இமையைத் தூக்க இரண்டு தசைகளாம். பெரியதை மூன்றாவது மூளை நரம்பு இயக்குகிறது, அது படுத்தால் கண்ணே மூடிக்கொள்ளும். கூடவே முல்லர் தசை என்று ஒரு பொடிசு, கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அதன் பங்கு. அதையும் கண்மணியை விரிக்கும் தசையையும் சேர்த்து ஓட்டுவது சிம்பதெடிக் நரம்பு. அது பழுதானால் இமை லேசாக இறங்கும், அதே பக்கம் கண்மணியும் சுருங்கும். ஹார்னர் சிண்ட்ரோம் என்று பெயர்.

நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எழுதினதும் அப்பாவுக்குக் கோபம், கண்ணுக்கு எதற்கு நெஞ்சுப் படம் என்று. அந்த நரம்பு நேராகக் கண்ணுக்கு வராதாம், தண்டுவடம் வழியாக மார்பு வரை இறங்கி, நுரையீரல் உச்சியைத் தாண்டி, கழுத்து ரத்தக்குழாயை ஒட்டி மேலே ஏறுகிறது. கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குச் சிதம்பரம் வழியாகப் போகிற மாதிரி. வழியில் எங்கே அடிபட்டாலும் கண்ணில் தெரியும். புதிதாக வந்து கழுத்து வலியும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம் என்றார்.

உறுதிப்படுத்த இரண்டு கண்ணிலும் அப்ராக்ளோனிடின் சொட்டு விட்டார். முக்கால் மணி நேரத்தில் வலது இமை மேலே போய், சின்னதாக இருந்த கண்மணி இடதைவிடப் பெரிதாகிவிட்டது! நரம்பின் தூண்டல் இல்லாமல் கிடக்கும் தசை கொஞ்சம் மருந்துக்கே துள்ளுமாம்.

பழைய படம் கேட்டார். 2014 அக்கா கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அப்போதே இமை இறங்கித்தான் இருக்கிறது, பத்து வருஷமாக வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

குறைகளும் உண்டு. மாலை 6 மணி டோக்கனுக்கு 8 மணி தாண்டித்தான் கூப்பிட்டார்கள். அந்தச் சொட்டு கையிருப்பில் இல்லாமல் மறுநாளும் அலைந்தோம். பைக் நிறுத்த இடமில்லை. கார்டு வாங்க மாட்டார்கள், ஜிபே உண்டு. போகிறவர்கள் பழைய படம் ஒன்றைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் அங்கே உட்கார்ந்து அக்காவுக்கு ஏழு தடவை போன் போட்டேன்.